ஓடுகிறவளுக்கு என்ன நோய் என்றேன்

என் மனைவி பாக்கியம் சிறுவயது முதல் மாதந்தோறும் போட்டுவந்த ஊசியை, எங்களுக்குக் கலியாணமான புதிதில் நிறுத்தச் சொன்னவன் நான். அவள் நிறுத்தினாள். அதனால் கெட்டது அவளுடைய இதயம்.

நான் படிக்காதவன் அல்ல. பயிற்சிக் கலாசாலையில் படித்து ஆசிரியராகி, பாடசாலை அதிபராக ஓய்வு பெற்றவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இடமில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கும் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் படுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் யாராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஓட்டக்காரர்கள். பாடசாலைக் காலத்தில் விளையாட்டுப் போட்டியொன்றில்தான் அவளை முதலில் பார்த்தேன். எண்ணூறு மீற்றர் ஓட்டம். அவள் வேறு தோட்டத்துப் பாடசாலை. வெறுங்காலோடு ஓடி வந்து, சப்பாத்துப் போட்ட டவுன் பிள்ளைகளை எல்லாம் பின்னால் விட்டாள். பிறகு அவள் குடும்பம் எங்கள் தோட்டத்துக்கே வேலைக்கு வந்தது. மாலையில் தொழிற்சாலைப் பாதையில் இருவரும் ஓடுவோம். அந்த நாளில் ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து நடந்தால்தான் ஊர் பேசும்; சேர்ந்து ஓடினால் பயிற்சி என்று விட்டுவிடுவார்கள். எங்கள் காதல் முழுவதும் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தது. என்னைவிட அவள் வேகம். இதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அவளுக்குப் பதினான்கு வயதில் ஒரு காய்ச்சல் வந்திருந்தது. முதலில் தொண்டை வலி. பிறகு முழங்கால் வீங்கியது. அது வற்றிக் கணுக்கால் வீங்கியது. வாதக் காய்ச்சல் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். தொண்டையில் வரும் ஒரு கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் காவற்படை, ஆள் மாறி நம் மூட்டையும் இதயத்தையுமே தாக்குகிறது. மூட்டு ஆறிவிடும். இதயத்திலுள்ள வால்வு, அதாவது இரத்தத்தை ஒரே பக்கமாக விடும் கதவு, தழும்பேறிப் போகும். மறுபடி அந்தக் காய்ச்சல் வந்தால் தழும்பு கூடும். வராமலிருக்க மாதம் ஒரு பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்கு. நெருக்கமாக வாழும் லயங்களில், எங்கள் வரிசை வீடுகளில், இந்த நோய் சுலபமாகப் பரவும்.

கலியாணமாகி வந்த பிறகும் மாதம் ஒரு நாள் அவள் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பஸ்ஸில் எல்லோரும் தெரிந்தவர்கள். "எங்க போற? என்னா ஊசி? இன்னும் புள்ள நிக்கலையா?" என்று கேட்பார்கள். என் அம்மா ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாலு பேர் கேட்க, "என் மகன் வாத்தியார் வேலைக்குப் படிச்சிட்டு ஒரு சீக்காளியில்ல கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். நான் பாக்கியத்திடம் போய், "முழு மலையும் ஓடி ஏறுறவளுக்கு என்னா நோய்? போதும், நிப்பாட்டு" என்றேன்.

"டாக்டர் இன்னும் போடணும்னு சொன்னாருங்க."

"டாக்டர் நீ ஓடுறத பாத்தாரா?"

அடுத்த மாதம் அவள் பஸ் ஏறவில்லை. ஓட்டக்காரனின் கணக்கு இது. காலும் மூச்சும் சரியாக இருந்தால் உடம்பு சரி என்று நினைத்தேன். வேறொருவன் கணவனாக இருந்திருந்தால் பயந்தாவது அனுப்பியிருப்பான்.

மகள் மலர் பிறந்த பிறகு அவள் ஓட்டமும் நின்றது. வீடு, மாமியார், பிள்ளை. நான் மட்டும் மாணவர்களோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. தினமும் நடக்கச் சொன்னார்கள். "நடக்கிறதென்ன, பழையபடி ஓடுவோம், வா" என்று பாக்கியத்தைக் கூப்பிட்டேன். ஹட்டனுக்குப் போய் இருவருக்கும் சப்பாத்து வாங்கினோம். மகளுடைய பழைய காற்சட்டைக்கு மேல் நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பாதையில் இறங்கியபோது, கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"என்னா வாத்தியாரம்மா, புலி தொரத்துதா?"

"புலி இல்லடி, வாத்தியாரு தொரத்துறாரு!"

மலையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்தச் சில மாதங்கள் நாங்கள் நன்றாக இருந்தோம். அதையும் நான்தான் கெடுத்தேன்.

முதலில் மேட்டில் மட்டும் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையிலும். படுத்தால் இருமல் வந்தது. "நெஞ்சுக்குள்ள யாரோ தாறுமாறா கதவ தட்டுற மாதிரி இருக்குங்க" என்றாள். "ஓடினா நெஞ்சு அடிக்கத்தான் செய்யும்" என்றேன். எத்தனையோ மாணவர்களை ஓட்டியவன் நான். மூச்சு வாங்கும்போது நிற்காதே, அதைத் தாண்டு என்று சொல்லியே பழகிய வாய். முன்னால் ஓடிப்போய் வளைவில் நின்று அவளுக்காகக் காத்திருப்பேன். ஒருநாள் அவள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி, "நடிக்காத, எழும்பு" என்றேன்.

எழுந்தாள். வளைவு வரை ஓடி வந்தாள். என் முன்னால் குனிந்து இருமினாள். கைக்குட்டையில் இளஞ்சிவப்பு நுரை.

கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தவர்கள் அந்தப் பெண்கள்தான். ஒருத்தி கீழே ஓடி ஆட்டோ கொண்டுவந்தாள். ஆட்டோவில் பாக்கியத்தால் சாய முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து காற்றைக் குடிப்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு தடவை என் கையை எடுத்துவிட்டாள். மூச்சுக்கு அதுவும் பாரமாக இருந்ததோ என்னவோ.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டார்கள். இதயத்தின் இடது பக்கக் கதவு சரியாகத் திறக்காததால் இரத்தம் தேங்கி, நுரையீரலுக்குள் நீர் கசிந்திருக்கிறது. அவள் இத்தனை நாளும் நீரில் மூழ்குகிறவள்போல ஓடியிருக்கிறாள். நான் வளைவில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறேன்.

மாலையில் மூச்சு சற்றுத் தணிந்ததும், யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவர் கட்டிலருகே வந்தார். எங்கள் மகளைவிட இளையவர்.

"அம்மா, சின்னனில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?"

"வந்துச்சுங்க டாக்டர்."

"மாசா மாசம் ஊசி போட்டனீங்களோ?"

"போட்டேன். அப்பறம் நிப்பாட்டிட்டேன்."

"ஏனம்மா நிப்பாட்டினீங்கள்? ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன். பாக்கியம் என் பக்கம் திரும்பவேயில்லை. "சோம்பேறித்தனந்தாங்க. பஸ்ஸில போய் வர அலுப்பு" என்றாள்.

"இப்ப பாருங்கோ, எவ்வளவு கஷ்டம்" என்று டாக்டர் அவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து ஏச்சை வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஊசியை நிறுத்தச் சொன்ன நாளில் எனக்கு வயது குறைவு என்றாவது சொல்லலாம். இந்த மௌனத்துக்கு அதுவும் கிடையாது.

பிறகு கண்டி. பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் எக்கோ எடுத்தார்கள். வலியில்லாத சோதனை: நெஞ்சில் பசை தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினால், உள்ளே இதயம் துடிப்பது திரையில் தெரியும். அந்த அறைக்கு வெளியே நாற்காலி வரிசையில் விடியற்காலையிலிருந்தே ஆட்கள். பதுளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வந்தவர்கள். யாரும் யாரையும் என்ன நோயென்று கேட்பதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். பெயர் கூப்பிடும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே முகம்.

இரண்டு விரல் நுழையும் அளவு திறக்கவேண்டிய கதவு, அவளுக்குச் சுண்டுவிரல் நுனி அளவுதான் திறந்தது. சிலருக்குத் தொடைவழியாகக் குழாய் விட்டு, நுனியிலுள்ள சிறு பலூனை ஊதிக் கதவை விரித்துவிடலாம். இவளுடைய வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைக்கவேண்டும் என்றார்கள். முறை வரும்போது கூப்பிடுவோம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முறை வரும்வரை காத்திருந்த மாதங்கள்தான் மிகவும் கொடியவை. தலையணைகளை முதுகுக்கு அடுக்கி அவள் உட்கார்ந்தே தூங்கினாள். நான் சமைத்தேன், துவைத்தேன். உப்பில்லாத சோறு ஆக்கப் பழகினேன். கொழுந்துப் பெண்கள் வேலை முடிந்து வரும் வழியில் விறகோ கீரையோ வைத்துவிட்டுப் போவார்கள். என்னைக் கேட்காமல், நேரே உள்ளே போய் அவளிடம் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போவார்கள். "நடிக்காத" என்று நான் சொன்னதை அவர்கள் கேட்டிருந்தார்கள். யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சத்திரசிகிச்சைக்குச் சேர்த்ததும் முதலில் பல் வைத்தியரிடம் அனுப்பினார்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் இறங்கிப் புது வால்வில் குடியேறிவிடுமாம். இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தவள், "நெஞ்ச காட்ட வந்தா பல்ல புடுங்குறாங்க. இனி கால காட்டினா காத அறுப்பாங்க போல" என்றாள். கொழும்பில் வேலை செய்யும் மலர் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் சிரித்தாள், பிறகு அம்மாவின் தலையைச் சீவிவிடுகிற சாக்கில் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதாள். வெளியில் எடுக்கவேண்டிய ஒரு சோதனைக்குத் தன் வளையல்களை அடகு வைத்ததை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. வெறுங்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பெண்கள் வாட்டில் ஆண்கள் தங்க முடியாது. பார்வை நேரத்துக்குக் கதவு திறக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். திறந்ததும் வேகமாக உள்ளே போவேன். பக்கத்துக் கட்டிலில் கம்பளைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர், சோமாவதி என்று பெயர். தனக்குத் தெரிந்த தமிழில் பாக்கியத்திடம் என்னைக் காட்டி, "உங்க மாத்தயா தங்கம். எப்பவும் ஓடித்தான் வாறது. என்ட ஆள் நடந்தும் வாறதில்ல" என்றார்.

"தங்கந்தான் அக்கே" என்றாள் பாக்கியம்.

கேலியில்லை. மெய்யாகவே சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் சிங்களச் சின்ன டாக்டர் ஒருவர் விபரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, ஊசியை அவள் நிறுத்தவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, இப்ப அது எங்களுக்கு வேல இல்ல. சாப்பிட்டதா நீங்க? போய் சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். நாற்பது வருடம் சுமந்ததை அவர் கையில் வாங்கக்கூட இல்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில், பஸ் இரைச்சலுக்கு நடுவில், மலரிடம் சொன்னேன். அவள் நின்று கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா ஏன் ஓடுறத விட்டாங்கன்னு சின்ன வயசில கேட்டேனே, அம்மாவுக்கு விருப்பமில்லன்னு சொன்னீங்களேப்பா?"

ஆமாம் என்றேன். அவள் எனக்கு வாங்கி வைத்திருந்த சோற்றுப் பார்சலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சத்திரசிகிச்சை நாள் முழுவதும் ஒரே வாங்குப் பலகையின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு, வெளியே ஓர் இயந்திரம் இரத்தத்தை ஓட்டுமாம். அவளுடைய இதயம் நின்றிருக்கும் நேரம் எதுவென்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நிமிடமும் இதுவாக இருக்குமோ என்று இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு, உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். மலர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தோளைத் தொடப் போனேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

நெஞ்சில் நீளத் தையலோடு பாக்கியம் வாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நானும் மலரும் பேசிக்கொள்ளாததைக் கண்டு, மகளைக் கேட்டிருக்கிறாள். நான் போனபோது சோமாவதி தூங்கிக்கொண்டிருந்தார். பாக்கியம் இருமல் வராமலிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உண்மையச் சொல்லணும்னு..."

"யாருக்கு? எனக்குத் தெரியாதா அந்த உண்ம? அவளுக்கு அப்பான்னா ஒரு மதிப்பு இருக்கட்டும்னு நான் மூடி வெச்சிருந்தேன். உங்க மனசு லேசாகணும்னு தொறந்து விட்டுட்டீங்க. இப்ப அவ உங்க மொகத்த பாக்க மாட்டேங்கிறா. அதயும் நான்தான் படுத்துக்கிட்டு பாக்கணும்."

என்னை மன்னித்துவிடு என்றேன். "அதயும் இப்பவே கேக்கணுமா? தையல் இழுக்குது, போயிட்டு வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பல மாதங்கள், வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சில்லை. உலோக வால்வில் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்கத் தினமும் ஒரு குளிசை விழுங்கவேண்டும். அது கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டியாகும். அதனால் அடிக்கடி இரத்தச் சோதனை. கீரையைக்கூட ஒருநாள் நிறைய, ஒருநாள் இல்லை என்று சாப்பிடக்கூடாது. தொண்டை வலி வந்தால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். இதற்கெல்லாம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் நான் போகிறேன். யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் நானே பதில் சொல்கிறேன். அவள் ஓடும்வரை நானும் ஓடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் அவள் தலையில் ஒரு பாரமாகும் என்று அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது. மலர் இன்றைக்கும் தொலைபேசியில் என் குரல் கேட்டால், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள்.

இதை எழுதலாமா என்று இந்த முறை அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஊசி கதைய எழுதுங்க. நாலு புள்ளைக்கு ஒதவும். ஆனா அழுது அழுது எழுதாதீங்க" என்றாள்.

கிளினிக்கில் அவளாகவே ஒருநாள் டாக்டரிடம், ஓடலாமா என்று கேட்டாள். நான் திகைத்துப்போனேன். நன்றாக நடந்து பழகிய பிறகு மெதுவாக ஓடலாம், ஆனால் ஓடும்போது பேச முடியவேண்டும், பேச முடியாமல் மூச்சு முட்டினால் அந்த வேகம் கூடாது என்றார் டாக்டர்.

அப்படித்தான் நாங்கள் மறுபடி தொழிற்சாலைப் பாதையில் இறங்கினோம். முதல்நாள், "பேசிக்கிட்டு வா, பாக்கியம்" என்றேன். "என்னத்த பேச?" என்றாள். கொஞ்சதூரம் போனதும் அவளாகவே ஆரம்பித்தாள். பீலிக்கரையில் என் அம்மா சொன்னதைத் தானும் கேட்டதாகச் சொன்னாள். குடத்தோடு லயத்து மூலையில் நின்றிருந்தாளாம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க பேசாதீங்க. டாக்டர் என்னயத்தான் பேச சொன்னாரு" என்றாள்.

அன்றுமுதல் காலையில் ஓடும்போது அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். கோபமாகச் சொல்வதில்லை, கடையில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்கிறாள். பிரசவத்தில் மூச்சு நின்றுபோகிறது என்று நினைத்ததை, பாடசாலைப் போட்டியில் பெண்பிள்ளைகள் ஓடியதைப் பார்க்க முடியாமல் பாதியில் வீட்டுக்கு வந்ததை. ஒன்றுமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

நேற்றுப் பனி விலகிய பிறகு புறப்பட்டோம். பாலம் தாண்டியதும் சொன்னாள்.

"நிப்பாட்டின மறு வருஷம் ஒரு நாளு, கடைக்குப் போறேன்னு உங்க அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு ஊசிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள வாங்குல நம்ம லயத்து பொம்பள ஒருத்தி உக்காந்திருந்தா. உங்ககிட்ட வந்து சொல்லிருவாளேன்னு திரும்பிட்டேன். வெறுங்கையோட வந்தா கேப்பீங்கன்னு ஒரு குளிக்கிற சவர்க்காரம் வாங்கிட்டு வந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

அவளுடைய காலடிச் சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நின்னுட்டீங்க?"

நான் நின்றிருந்தது எனக்கே தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. மெதுவாக, டாக்டர் சொன்ன வேகத்தில், மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தாள். அடுத்ததை என் காதில் விழாமல் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, அவள் பக்கத்துக்கு ஓடினேன்.